விளிம்பில் விடப்பட்ட மழலைகள்

மண்ணில் வந்து விழுந்தது, கண் திறக்கவில்லை. தாயின் முகம் பார்க்கவில்லை. பாலின் சுவை அறியவில்லை. பொய் பேசவில்லை, பிறர் பொருளைக் கவரவில்லை. பேசவே அறியாத வாய்! பிடிக்கவே அறியாத கை! அந்தப் பச்சிளங் குழவி இறந்துவிட்டது. இறந்தபின் அது எங்கே போகிறது?

தாய் கேட்டால் இந்தக் கேள்வி கண்ணீர். சமயவாணர் கேட்டால் இதுவே தர்க்கம். ஐரோப்பியக் கிறித்தவ உலகம் ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் இக்கேள்வியோடு மல்லாடியிருக்கிறது. அந்த வரலாற்றை நாம் ஆய்ந்தறிதல் வேண்டும். ஒரு கருத்து எங்ஙனம் பிறக்கிறது, எங்ஙனம் கட்டளையாகிறது, கட்டளையான பின்னர் ஏழையின் வீட்டு வாயிலில் எந்த உருவில் வந்து நிற்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வரலாறுகள் சிலவே.

ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கம். ரோமப் பேரரசு ஆட்டங்கண்டுகொண்டிருந்த காலம். பிரிட்டனில் பிறந்தவர் என்று சொல்லப்படும் பெலாஜியஸ் என்னும் துறவி ஒரு கருத்தைப் பரப்பினார். ஆதாம் செய்த பாவம் ஆதாமுடையது. அது வழிவழியாகக் குழந்தையின் குருதியில் ஊறி வருவதில்லை. பிறக்கும் குழந்தை குற்றமற்றே பிறக்கிறது — இதுவே அக்கருத்து.

இதனை எதிர்த்து எழுந்தவர் சாதாரணமானவர் அல்லர். வட ஆப்பிரிக்காவிலுள்ள ஹிப்போ நகரின் பிஷப், அறிவாற்றலில் தம் காலத்தார் எவர்க்கும் இளைக்காத அகஸ்டின் அவர். அவருடைய வாதம் வாள்போல் கூரியது. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறோம். ஞானஸ்நானம் பாவமன்னிப்புக்காகவே. பாவமே இல்லாத குழந்தைக்கு மன்னிப்பு எதற்கு? எனவே பாவம் இருந்தாக வேண்டும். தானாகச் செய்த பாவம் இல்லை. ஆகவே அது பிறவிப் பாவம். அந்தப் பாவம் கழுவப்படாமல் இறந்த குழந்தைக்கு மோட்சம் இல்லை. மோட்சத்துக்கும் நரகத்துக்கும் இடையே மூன்றாவது இடமும் இல்லை!

கவனியுங்கள். முதலில் சடங்கு இருந்தது. சடங்குக்குக் காரணம் தேடினார்கள். காரணம் கிடைத்ததும் அதன் முடிவு குழந்தையின் தலையில் வந்து விழுந்தது. 418ஆம் ஆண்டு கார்த்தேஜ் நகரில் கூடிய ஆப்பிரிக்க பிஷப்புகளின் சங்கம் பெலாஜியஸின் கொள்கையைக் கண்டித்தது.

அகஸ்டின் இரக்கமற்றவர் என்று நாம் சொல்லவில்லை. 415ஆம் ஆண்டில் ஜெரோம் என்னும் பேரறிஞருக்கு எழுதிய மடலில், குழந்தைகளின் தண்டனையைப் பற்றி எண்ணும்போது தாம் பெரிதும் இடர்ப்படுவதாகவும், விடை தெரியவில்லை என்றும் அவரே ஒப்புக்கொண்டார். அக்குழந்தைகளுக்குக் கிடைப்பது தண்டனைகளிலெல்லாம் மிக மெல்லியது என்றும் பின்னர் எழுதினார். ஆனால் மெல்லியதாயினும் தண்டனை தண்டனைதானே! நெஞ்சம் தயங்கியது, தர்க்கமோ தயங்கவில்லை.

வேறு வழியே இல்லையா? இருந்தது. கிழக்குத் திருச்சபையின் பெரியாரான நாசியான்சுஸ் கிரகோரி, இதற்கு முன்னரே, திருமுழுக்கின்றி இறந்த குழந்தை மேன்மையும் பெறாது, தண்டனையும் பெறாது என்று கூறியிருந்தார். ஒரே மதம், ஒரே மறைநூல்! கிழக்கே ஒரு விடை, மேற்கே ஒரு விடை!

மேற்கிலும் காலம் செல்லச் செல்ல மனிதரின் மனம் உறுத்தியது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பாரிசு நகரின் புகழ் பெற்ற ஆசான் அபெலார்டு, குழந்தைகளுக்கு நெருப்புத் தண்டனை இல்லை, கடவுளின் திருக்காட்சியை இழப்பதே தண்டனை என்றார். 1201இல் போப் மூன்றாம் இன்னோசென்ட் எழுதிய மடலும் அதையே உரைத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் இன்னும் ஒரு படி மேலே சென்றார். தாம் எதை இழந்தோம் என்பதையே அக்குழந்தைகள் அறியா; ஆகவே அவற்றுக்குத் துயரும் இல்லை என்றார்.

இப்படி உருவானதுதான் ‘லிம்போ’. இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு மூலமான ‘லிம்புஸ்’ ஆடையின் கரையை, விளிம்பைக் குறிக்கும். நரகத்தின் விளிம்பு! அங்கே நெருப்பில்லை; ஆனால் மோட்சத்தின் ஒளியும் இல்லை. இத்தாலியப் பெருங்கவி தாந்தே நரகத்தைப் பாடியபோது அதன் முதல் வட்டத்திலேயே இக்குழந்தைகளை வைத்தார். ஹோமரும் அரிஸ்டாட்டிலும் அவர்களுக்கு அங்கே அண்டைவீட்டார்!

தத்துவம் தணிந்தது, உண்மை. ஆனால் ஊரில் என்ன நடந்தது? திருமுழுக்குப் பெறாதவருக்குப் புனிதப்படுத்திய கல்லறை நிலத்தில் இடமில்லை என்பது விதி. ‘லிம்போ’வைக் கண்டவர் எவருமில்லை; கல்லறையின் மதிற்சுவரைக் காணாத தாய் எவளுமில்லை. பாட்டன் உள்ளே, பாட்டி உள்ளே, பெற்ற மகவு மட்டும் வெளியே!

அந்த அச்சம் மக்களை எங்கெல்லாம் துரத்திற்று! குருவை அழைக்க நேரமில்லை என்றால் யார் வேண்டுமானாலும் நீர் வார்க்கலாம், பெண்ணும் வார்க்கலாம், பிற மதத்தவரும் வார்க்கலாம் என்று 1439இல் பிளாரன்ஸ் சங்கக் காலத்து ஆணை கூறிற்று. மருத்துவச்சியின் கை குருவின் கையாயிற்று. ஆனால் குழந்தை இறந்தே பிறந்தால்? இறந்த உடலுக்குத் திருமுழுக்கு இல்லையே!

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நாட்டில் ஓபர்பியூரென் என்னும் சிற்றூர். பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் அங்கே மேரி அன்னைக்கு ஒரு கோவில் இருந்தது. இறந்து பிறந்த குழந்தைகளைத் தொலைவிலிருந்தும் அங்கே சுமந்து வந்தனர். அமர்த்தப்பட்ட பெண்கள் அவ்வுடல்களைக் கனலுக்கும் விளக்குகளுக்கும் இடையே வைத்துச் சூடேற்றினர்; உதட்டின்மேல் ஒரு மெல்லிறகை வைத்தனர். இறகு அசைந்தால் உயிர் வந்ததென்று பொருள்! உடனே திருமுழுக்கு, உடனே புனித நிலத்தில் அடக்கம். இப்படி ஏறத்தாழ இரண்டாயிரம் குழந்தைகள் கொண்டுவரப்பட்டனர் என்று கான்ஸ்டன்ஸ் நகர பிஷப் ரோமாபுரிக்கு முறையிட்டார். 1528இல் சீர்திருத்தக்காரர்கள் அக்கோவிலை இடித்துத் தள்ளினர். 1990களில் தொல்பொருள் ஆய்வாளர் அந்த இடத்தைத் தோண்டியபோது ஏறத்தாழ இருநூற்றைம்பது சிசுக்களின் எலும்புகள் கிடைத்தன. மூடநம்பிக்கை என்று நகைத்துவிடுவது எளிது. நகைக்க நமக்கு மனம் வரவில்லை. இறகை அசைத்தது சூட்டுக் காற்று. அந்த இறகை அங்கே வைத்தது ஒரு தாயின் தவிப்பு. அவளுடைய அன்புக்குச் சட்டம் வாயிலை அடைத்தது. அவள் சுவரில் ஒரு துளை தேடினாள்.

அத்தகைய துளையும் கிடைக்காத நாடு அயர்லாந்து. அங்கே ‘கில்லீன்’ எனப்படும் புனிதப்படுத்தப்படாத புதைகாடுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை கண்டறியப்பட்டுள்ளன. பாழடைந்த பழங்கோட்டை மேடு, கடற்கரை, வயலின் எல்லை — இவையே அவை இருந்த இடங்கள். திருமுழுக்கின்றி இறந்த குழந்தைகளோடு, தற்கொலை செய்துகொண்டோரும், கரையில் ஒதுங்கிய பெயர் தெரியாப் பிணங்களும் அங்கே புதைக்கப்பட்டனர். இருள் கவிந்த பின்னர் தந்தையோ உறவினனோ சிறு பெட்டியைச் சுமந்து செல்வான். குரு வரமாட்டார், மணி ஒலிக்காது. ஈன்றவள் பேறுகாலப் படுக்கையில் கிடப்பாள். தன் மகவு எந்த மண்ணில் உறங்குகிறது என்பதை அறியாமலே வாழ்ந்து முடிந்த தாய்மார் உண்டு. பெயரில்லாத கல் ஒன்று. சில இடங்களில் வெண்ணிறக் கூழாங்கற்கள் சில. அவ்வளவே! இதை இருண்ட காலத்துக் கதை என்று எண்ணிவிடாதீர்கள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை நடந்தது இது.

பிறகு மாற்றம் வந்தது. 1917ஆம் ஆண்டின் கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம், திருமுழுக்குப் பெறாதவருக்குத் திருச்சபை அடக்கம் இல்லை என்ற பழைய விதியைத் திரும்பவும் எழுதி வைத்தது. 1983இல் வந்த புதிய சட்டமோ, பெற்றோர் திருமுழுக்கு அளிக்க எண்ணியிருந்த குழந்தைக்கு, பிஷப்பின் இசைவோடு இறுதிச் சடங்கு நடத்தலாம் என்றது. 1992இல் வெளியான மறைக்கல்வி நூல் ‘லிம்போ’ என்ற சொல்லையே இக்குழந்தைகளைப் பற்றிச் சொல்லவில்லை. அவர்களைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைத்தது. 2007 ஏப்ரலில், போப் பதினாறாம் பெனடிக்டின் இசைவோடு, வத்திக்கானின் இறையியல் குழு ஓர் அறிக்கை வெளியிட்டது. திருமுழுக்கின்றி இறந்த குழந்தைகள் மீட்படைவர் என்று நம்புவதற்கு வலுவான காரணங்கள் உண்டு, ‘லிம்போ’வுக்கு வேதத்தில் தெளிவான அடிப்படை இல்லை, அது உறுதி செய்யப்பட்ட கோட்பாடாக என்றுமே இருந்ததில்லை, அறிஞர் கருத்தாக மட்டும் அதை இன்னும் கொள்ளலாம் — இதுவே அறிக்கையின் சாரம்.

திருத்திக் கொண்டதை நாம் வரவேற்கிறோம். திருத்திக் கொள்ளத் துணிவதே சிந்தனையின் அடையாளம். ஆனாலும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. என்றுமே கோட்பாடாக இருந்ததில்லை என்றால், அந்தக் குழிகள் எதற்காகத் தோண்டப்பட்டன? அறிஞருக்கு அது ஒரு கருத்து. அயர்லாந்தின் உழவனுக்கோ அது அக்குளில் இடுக்கிய சிறு பெட்டி! கருத்தை ஓர் அறிக்கையால் மாற்றிவிடலாம். கல்லின்கீழ்க் கிடக்கும் எலும்பை எந்த அறிக்கை இடம் மாற்றும்?

இந்த நெடிய வழக்கில் வென்றவர் யார்? அபெலார்டா, அக்குவினாசா? அவர்களுக்கும் பங்குண்டு. ஆயினும், என் குழந்தை என்ன தவறு செய்தது என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டுக்கொண்டே இருந்த தாயே முதல் வழக்கறிஞர். அவளுக்கு இலத்தீன் தெரியாது. சங்கத்தில் இருக்கை கிடையாது. அவள் கேள்வியை மறுக்க முடியாமல்தான் நெருப்பு அணைந்தது, நரகம் விளிம்பாயிற்று, விளிம்பும் கரைந்து வருகிறது.

இளைஞர்களே! பிறப்பையே குற்றமாக்கும் கொள்கை எந்த மதத்தின் பெயரால் வந்தாலும், எத்துணைப் பெரிய பேரறிஞர் அதற்குத் தர்க்கம் வகுத்துத் தந்தாலும், அந்தத் தாய் கேட்ட கேள்வியை அதனிடம் கேளுங்கள். அயர்லாந்தின் புதைகாடுகள் பலவற்றில் இப்போது ஊர் மக்களே நினைவுக்கல் நாட்டுகிறார்கள். குருமாரும் வந்து ஆசி வழங்குகிறார்கள். நல்லதே. ஆனால் அந்தத் தாய்மாருள் பலர் அதைக் காண உயிரோடு இல்லை.