மூன்று தலைமுறை புல்லட்

"பழைய புல்லட் நல்லதா, புதுசு நல்லதா?" என்று திருவொற்றியூர் டீக்கடையில் கேட்டுப் பாருங்கள். எங்கள் வயதுக்காரர்கள் யோசிக்காமல் "பழசுதான்" என்பார்கள். நான் இரண்டையும் ஓட்டியவன். என் கணக்கு கொஞ்சம் வேறு.

இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த வண்டி அது. எல்லைக் காவலுக்காக நம் ராணுவம் 800 புல்லட் கேட்டது. அதைத் தொடர்ந்து 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் அந்த ஆங்கிலக் கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. முதலில் பாகங்கள் கப்பலில் வந்தன. நம் ஊரில் பூட்டினார்கள். 1960களில் எல்லாமே இங்கேயே செய்யும் நிலை வந்தது. தாய்க் கம்பெனி 1970 வாக்கில் மூடிப்போனது. திருவொற்றியூர் மட்டும் நிற்கவில்லை.

முதல் தலைமுறை என்ஜின் வார்ப்பிரும்பு, 346 சி.சி., 18 குதிரைத்திறன். கியர்பாக்ஸ் தனிப்பெட்டி. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஸ்டார்ட் செய்வதே ஒரு வித்தை. ஆம்பியர் மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, டீகம்ப்ரஷரைப் பிடித்து இன்னும் சற்றுத் தள்ளி, அப்புறம் ஒரே மிதி. தவறினால் கிக்கர் திருப்பி அடிக்கும். கணுக்கால் வீங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஆயில் கசிவு வேறு. வண்டி நின்ற இடத்தைத் தரையே சொல்லும்.

இரண்டாவது தலைமுறை 2008க்குப் பிறகு வந்தது. என்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் அடங்கின. கியர் இடது காலுக்குப் போனது. ஹைட்ராலிக் டேப்பட் வந்ததால் டேப்பட் அட்ஜஸ்ட் செய்யும் வேலையே இல்லை. பட்டனைத் தொட்டால் ஸ்டார்ட்.

மூன்றாவது, 2020 முதல் வரும் 349 சி.சி. என்ஜின். அதிர்வை அடக்கத் தனியாக ஒரு தண்டு உண்டு. பெட்ரோலை இன்ஜெக்‌ஷன் அளந்து விடுகிறது. ஏ.பி.எஸ். பிரேக் சட்டப்படியே கட்டாயம். சக்தியோ 20 குதிரைத்திறன்தான். அத்தனை வருடத்தில் கூடியது வெறும் இரண்டு! ஆக, மாறியது வேகமல்ல. ஓட்டுகிறவனுக்குத் தெரிந்திருக்க வேண்டிய வித்தையை வண்டியே எடுத்துக்கொண்டது, அவ்வளவுதான்.

மழையில் எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போக வேண்டுமென்றால் நான் புதுசைத்தான் எடுப்பேன். பழைய டிரம் பிரேக்கை நம்பி என் பேரனை அனுப்ப மாட்டேன்.

ஆனால் ஒரு நஷ்டம் உண்டு. எங்கள் தெருமுனை மெக்கானிக், வண்டி வளைவில் திரும்பும் சத்தத்திலேயே "டேப்பட் லூஸ் சார்" என்பார். ஒரு ஸ்பேனர் செட்டை வைத்தே இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுத்தார். புது வண்டியின் கோளாறைச் சொல்லக் கருவி வேண்டும். அது கம்பெனி சர்வீஸில்தான் இருக்கிறது. அவர் கடை இன்று செல்போன் கடை. உற்பத்தியின் பெரும்பங்கும் 2013ல் ஒரகடத்துக்கும், பின்னர் வல்லம் வடகாலுக்கும் போய்விட்டது.

"அந்த டுப் டுப் சத்தம் போச்சே" என்று நண்பர்கள் வருந்துகிறார்கள். சத்தம் போனதில் எனக்கு வருத்தமில்லை. அதைக் கேட்டு நோய் சொன்ன காதுகளுக்கு வேலை போனதுதான் வருத்தம்.