கழற்றிக் கற்ற கைகள்

எந்திரத்தை ஓட்டுவது ஒரு திறம். அதைக் கழற்றி, அதன் இயல்பறிந்து, மீண்டும் பூட்டி ஓடச் செய்வது மற்றொரு திறம். முன்னது பழக்கத்தால் வருவது. பின்னது அறிவாலும் பொறுமையாலும் வருவது. அந்நியர் ஆட்சிக்கு உட்பட்ட நாடுகளில் முதல் திறம் ஊழியத்துக்காகக் கற்பிக்கப்பட்டது. இரண்டாவதை மக்கள் பெரும்பாலும் தாமே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது.

பினாங்கின் வரலாறு இதற்குச் சான்று பகரும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஜார்ஜ் டவுன் வீதிகளில் மின்சார டிராம் ஓடியது. 1923-ல் பினாங்கு மலைமீது ரயில் ஏறியது. 1925-ல் டிராலி பஸ் வந்தது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த தமிழர்கள் துறைமுகத்திலும் நகராண்மைக் கழகத்திலும் தோட்டங்களிலும் உழைத்தனர். எந்திரங்கள் அவர்தம் கண்முன்னே இயங்கின. அவற்றின் மருமமோ கடல் கடந்த நாடுகளில் இருந்தது.

அதே காலத்தில், அவர்கள் பிரிந்து வந்த தமிழகத்தில் ஓர் இளைஞர் அந்த மருமத்தைத் தம் கையாலேயே அவிழ்க்க முற்பட்டார். 1893-ல் கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் பிறந்த ஜி.டி. நாயுடு அவர்களே அவர். பள்ளிப் படிப்பு அவரைக் கவரவில்லை. ஆங்கிலேய அதிகாரி ஒருவர் ஏறி வந்த மோட்டார் சைக்கிள் கவர்ந்தது. மாடும் குதிரையும் இழுக்காமல் ஒரு வண்டி ஓடுவது எங்ஙனம் என்னும் வினா அவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை. கோயம்புத்தூர் சென்று உணவு விடுதியில் பரிமாறும் வேலை பார்த்தார், காசு சேர்த்தார், அந்த வண்டியையே விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதில் உலா வருவதோடு நின்றுவிடவில்லை. அதைப் பகுதி பகுதியாகக் கழற்றி, மீண்டும் பூட்டினார் என்று அவர் வரலாறு கூறுகிறது. அவருக்கு ஆசானும் நூலும் அந்த எந்திரமே.

இஃது எளிய செயலன்று. நெடுநாள் ஓடாது கிடந்த கார் என்ஜின் ஒன்றை வீட்டில் பிரித்துப் பார்த்தவர்கள் இதன் அருமையை அறிவர். ஈரம் உட்புகுந்து, பிஸ்டன் வளையங்கள் சிலிண்டர்ச் சுவரோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். கடற்காற்று வீசும் தீவில் துருவுக்குக் குறைவேது? பொறுமையற்றவர் சம்மட்டியை எடுப்பார், வார்ப்பிரும்பு வெடித்துவிடும். அறிந்தவர் எண்ணெய் ஊற்றி நாள்கணக்கில் ஊறவிடுவார். அச்சுத்தண்டை முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைத்துப் பார்ப்பார். மூடியின் மரையாணிகளையும் ஒரே மூச்சில் கழற்றாமல், முறைப்படி சிறுகச் சிறுகத் தளர்த்துவார். கழற்றிய ஒவ்வோர் உறுப்புக்கும் அடையாளமிட்டு வரிசையாக வைப்பார். ஏனெனில், ஒன்றன் இடத்தில் மற்றொன்றைப் பூட்டினால் என்ஜின் மீண்டும் முரண்டு பிடிக்கும்.

1908-ல் வெளிவந்த ஃபோர்டு நிறுவனத்தின் 'மாடல் டி' கார் இவ்வேலையை ஓரளவு எளிதாக்கியது. நான்கு சிலிண்டர்களும் ஒரே வார்ப்பாக அமைய, மேல்மூடி தனியே கழலும்படி செய்யப்பட்டிருந்தது. ஆகவே, சாமானியரும் தம் வீட்டு முற்றத்திலேயே என்ஜினின் உட்புறத்தைக் காண முடிந்தது. எந்திர அறிவு தொழிற்சாலை மதிலைக் கடந்து மக்களிடம் பரவுவதற்கு இத்தகைய அமைப்பும் ஒரு காரணமாகும்.

கழற்றிக் கற்றவர் பின்னர் படைப்பாளரானார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒற்றைப் பேருந்தை ஓட்டத் தொடங்கிய நாயுடு, அதனைப் பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்த்தார். 1937-ல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து இந்தியாவிலேயே மின்மோட்டார் உருவாகச் செய்தார். 1945-ல் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பெயரால் தொழில்நுட்பக் கல்லூரி தோன்ற உதவினார். 1952-ல் அவர் உருவாக்கிய சிறிய காருக்கோ அரசின் உரிமம் கிடைக்கவில்லை. துருவேறிய இரும்பை அசைத்த கைகளாலும் அசைக்க முடியாத தடைகள் உண்டு என்பதையும் அவர் வாழ்வு காட்டுகிறது. 1974-ல் அவர் மறைந்தார்.

பள்ளியை விட்டு விலகியவர் கல்லூரி எழ உதவினார் என்பது கல்வியாளர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி. அவர் வெறுத்தது கல்வியையன்று. வினாவுக்கு இடமளிக்காத கல்வியையே. வீட்டுக் கடிகாரத்தைப் பிரித்துப் போட்ட சிறுவனை, "பொருளைக் கெடுத்துவிட்டாயே!" என்று அதட்டுவது எளிது. "மீண்டும் பூட்டு, நானும் உடன் அமர்கிறேன்" என்று சொல்வது அரிது. ஐந்தடி நடைபாதையில் எண்ணெய்க் கறை படிந்த கையோடு குனிந்திருக்கும் இளைஞனையும் கற்பவன் என்றே சமுதாயம் மதிக்க வேண்டும். பிறர் செய்த எந்திரத்தை ஓட்டும் இனம் என்னும் நிலை மாறி, எந்திரம் செய்யும் இனம் என்னும் நிலை எய்துவதற்கு அந்த மதிப்பே முதற்படியாகும்.