விளையாட இடம் அமைத்தவர்



1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனவர் நம் விஸ்வநாதன் ஆனந்த் என்பது உங்களுக்குத் தெரியும். சிறுவயதில் அவர் செஸ் ஆடிப் பழகிய இடத்தை அமைத்தவர் யார் தெரியுமா? மானுவல் ஆரோன்.

1961-இல் இந்தியாவின் முதல் இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆன ஆரோன், ஒன்பது முறை தேசிய சாம்பியன். தன் ஆட்டமே போதும் என்று அவர் இருந்துவிடவில்லை. 1972-இல் சென்னை சோவியத் கலாச்சார மையத்தில், முன்னாள் உலக சாம்பியன் மிகைல் டால் பெயரில் ஒரு செஸ் கிளப்பைத் தொடங்கினார். அங்கே பிளிட்ஸ் ஆட்டத்தில் ஜெயித்தவர் பலகையிலேயே இருப்பார். தோற்றவர் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போவார். சிறுவன் ஆனந்தும் அந்த வரிசையில் நின்றவர்தான்.

திறமை எங்கும் இருக்கிறது. பொறுப்பேற்று இடம் அமைத்துத் தர ஒருவர் வேண்டும்.

நம் வளாகத்திலும் ஹால் இருக்கிறது, கேரம் போர்டு இருக்கிறது, பிள்ளைகளும் இருக்கிறார்கள். மாதம் ஒரு சனிக்கிழமை மாலை ஹாலைத் திறந்து, ஆட்டம் முடிந்ததும் காய்களை எண்ணி வைத்துப் பூட்டுவதற்குத்தான் ஆள் இல்லை. 'யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்றால் யாரும் பார்ப்பதில்லை. ஆறு மாதத்துக்கு இரண்டு பேர் போதும். பிறகு வேறு இருவர் ஏற்கட்டும்.

முதல் இருவரில் ஒருவராக நீங்கள் இருக்கலாமே? சங்கச் செயலாளரிடம் பெயர் கொடுங்கள்.