கெனாடெண்டால் – ஒரு பேரிக்காய் மரத்தடியில் பிறந்த ஊர்

தென்னாப்பிரிக்கா என்றதும் தங்கச் சுரங்கம், கிரிக்கெட், நெல்சன் மண்டேலா என்று சில விஷயங்கள்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் அதே மண்டேலா, 1995-ல் கேப் டவுனில் இருந்த தன் அதிகாரபூர்வ இல்லத்தின் பழைய பெயரை நீக்கிவிட்டு, ஒரு சின்னக் கிராமத்து ஊரின் பெயரைச் சூட்டினார். அந்த ஊர்தான் கெனாடெண்டால். 'அருளின் பள்ளத்தாக்கு' என்று பொருள்.

கேப் டவுனுக்குக் கிழக்கே சுமார் 130 கி.மீ. தொலைவில், மலையடிவாரத்தில் இருக்கிறது இந்த ஊர். ஆடுமாடு மேய்த்து வாழ்ந்த கோய்கோய் மக்களின் பூமி இது. டச்சுக் குடியேறிகள் மேய்ச்சல் நிலங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொண்டார்கள். 1713-ல் வந்த பெரியம்மை மீதியையும் அழித்தது. தப்பியவர்களில் பலர் வெள்ளையர் பண்ணைகளில் கூலிகளானார்கள்.

இந்தக் கதையில் தமிழ்நாட்டுக்கும் ஒரு சின்னத் தொடர்பு உண்டு! 1706-ல் தரங்கம்பாடிக்கு வரும் வழியில் சீகன்பால்குவும் புளூட்சாவும் கேப்பில் இறங்கினார்கள். கோய்கோய் மக்களின் நிலையைப் பற்றி ஐரோப்பாவுக்குக் கடிதம் எழுதினார்கள். பிறகு 1737-ல் மொரேவியன் சபையின் கேயார்க் ஷ்மிட் கேப்புக்கு வந்தார். அடுத்த ஆண்டு இந்தப் பள்ளத்தாக்கில் குடிசை போட்டு, ஒரு பேரிக்காய் மரம் நட்டு, எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்தார். 1742-ல் சிலருக்கு ஞானஸ்நானம் கொடுத்ததும் பிரச்சினை ஆரம்பித்தது. அவருக்கு அந்த உரிமை இல்லை என்று கேப்பின் டச்சுப் பாதிரியார்கள் எதிர்த்தார்கள். 1744-ல் அவர் ஊர் திரும்பினார்.

கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு யாரும் வரவில்லை. 1792-ல் மூன்று மொரேவியர்கள் வந்தபோது பேரிக்காய் மரம் பெரிதாக வளர்ந்து நின்றது. ஷ்மிட்டிடம் படித்த லேனா என்ற கோய் பெண், இப்போது பாட்டி. அவர் கொடுத்த புதிய ஏற்பாட்டை ஆட்டுத்தோலில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார்! வெளியிலிருந்து வந்தவர்கள் விட்டுப்போன ஒன்றை இத்தனை வருடம் காப்பாற்றியது உள்ளூர்ப் பெண்தான்.

ஊர் வேகமாக வளர்ந்தது. வந்தவர்களில் ஒருவரான கியூனல் கத்தி செய்பவர். அவர் தொடங்கிய பட்டறையின் கத்திகள் கேப் முழுவதும் பெயர் பெற்றன. தச்சு, மாவு மில் என்று தொழில்கள் பெருகின. பக்கத்துப் பண்ணையார்களுக்கு இது பிடிக்கவில்லை. மதம் அவர்களுக்குப் பெரிய கவலை இல்லை. கைத்தொழில் தெரிந்தவன் குறைந்த கூலிக்கு வரமாட்டானே என்பதுதான் கவலை. ஆரம்பத்தில் ஆலயமணி அடிக்கக்கூடத் தடை இருந்தது.

1809-ல் பிரிட்டிஷ் அரசு, கோய் மக்களுக்கு நிலையான முகவரி வேண்டும், ஊரைவிட்டு வெளியே போனால் பாஸ் வேண்டும் என்று சட்டம் போட்டது. முகவரி வேண்டுமென்றால் ஒன்று பண்ணை, இல்லை மிஷன். பலர் மிஷனைத் தேடி வந்ததற்குப் பக்தி மட்டும் காரணமல்ல என்பது இதிலிருந்து புரியும். 1838-ல் அடிமைகள் முழு விடுதலை பெற்றபோதும் நிறையப் பேர் இங்கே வந்து குடியேறினார்கள். கோய் மக்களின் வாரிசுகளும் பழைய அடிமைகளின் வாரிசுகளும் கலந்து ஒரே ஊர்மக்களானார்கள்.

அதே 1838-ல் தென்னாப்பிரிக்காவின் முதல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி இங்கே திறக்கப்பட்டது. அச்சகமும் வந்தது. ஆனால் 1926-ல் பயிற்சிப் பள்ளி மூடப்பட்டது. அந்தக் கட்டடம் பின்னர் அருங்காட்சியகமானது.

வளர்ச்சிக்கு நடுவே ஒரு பெரிய குறை இருந்தது. வீடு கட்டியவர்களும் தோட்டம் போட்டவர்களும் அந்த மக்கள்தான். நிலமோ அவர்கள் பெயரில் இல்லை. சபையின் விதிகளுக்குக் கட்டுப்பட்டால்தான் ஊரில் இருக்கலாம். மீறினால் வெளியேற வேண்டியதுதான். 1909-ல் மிஷன் நிலங்களுக்கென்று தனிச்சட்டம் வந்தும் முழு உரிமை கிடைக்கவில்லை. சொத்துப் பத்திரம் இல்லாதவனுக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்? ஊருக்குள் பிழைக்க வழியில்லாமல், அறுவடைக் காலத்தில் அதே பண்ணைகளுக்குக் கூலி வேலைக்குப் போனார்கள்.

மிஷன் அவர்களுக்கு அடைக்கலம் கொடுத்தது, எழுத்தும் தொழிலும் கொடுத்தது. உரிமையைக் கொடுக்கவில்லை. இரண்டும் உண்மை. பல தலைமுறைகள் உரிமையில்லாமல் உழைத்த ஒரு ஊரின் பெயர், கடைசியில் ஒரு நாட்டின் ஜனாதிபதி வீட்டு வாசலில் ஏறியது. அந்த வகையில் மண்டேலா செய்தது வெறும் பெயர் மாற்றம் அல்ல!