கரித்துணியில் வெள்ளெழுத்து: மைசூர்க் கடதத்தின் வரலாறு

கடதம் என்பது மைசூர் நாட்டு வணிகர்களும் மடங்களும் கணக்கும் ஆவணமும் எழுதி வைத்த கறுப்புத் துணிப் புத்தகம். அதைச் செய்யவும் அதில் எழுதவும் பருத்தித் துணி, புளியங்கொட்டை, கரி, மாக்கல் ஆகிய நான்கும் போதும். நான்கும் அந்த மண்ணிலேயே கிடைப்பவை. கர்நாடக அரசு அலுவலகங்களில் இன்று கோப்புக்கு வழங்கும் பெயர் இந்தப் புத்தகத்தின் பெயர்தான். புத்தகம் மட்டும் கடைத்தெருவிலிருந்து மறைந்துவிட்டது.

துணிக்குப் பசை ஏற்றுவது முதல் வேலை. புளியங்கொட்டையின் தோலை நீக்கி, பருப்பை அரைத்துக் காய்ச்சினால் கிடைக்கும் கூழ், இழைகளின் இடைவெளியை அடைத்துத் துணியை விறைப்பாக்கும். ஒடிசாவில் பட்டசித்திரம் தீட்டுவோரும் துணியைக் கெட்டிப்படுத்துவது இதே பசையால்தான். அவர்கள் சுண்ணப்பொடி சேர்த்து வெள்ளைப் பரப்பை உண்டாக்கினார்கள். மைசூரில் கரிப்பொடி சேர்த்துக் கறுப்புப் பரப்பை உண்டாக்கினார்கள். துணியின் இரண்டு பக்கமும் பூசிக் காயவைத்தால் எழுதும் தளம் தயார்.

செய்முறையின் மிகத் தெளிவான விவரிப்பு, மைசூரில் ஆங்கிலேயரின் ரெசிடெண்டாக இருந்த மார்க் வில்க்ஸ் எழுதிய தென்னிந்திய வரலாற்று நூலில் உள்ளது. அதன் முதல் தொகுதி 1810-இல் வெளிவந்தது. அவர் கண்ட கடதத் துணியின் அகலம் 8 அங்குலம் முதல் 1 அடி வரை, நீளம் 12 முதல் 18 அடி வரை. துணியை வெட்டாமல், ஒரே அளவில் விசிறிபோல் மாற்றி மாற்றி மடிப்பார்கள். இரு முனைகளிலும் வண்ணம் பூசி மெருகேற்றிய மரப்பலகைகளை ஒட்டி, பட்டு அல்லது பருத்தி உறைக்குள் வைப்பது வசதி படைத்தவர் வழக்கம். எளியவர்களின் கடதத்துக்குப் பலகையும் இல்லை, உறையும் இல்லை; ஒரு கயிற்றுக்கட்டு மட்டுமே. எந்தப் பக்கத்திலிருந்தும் திறக்கலாம். முழுவதும் இழுத்து விரித்தால் மறுபடியும் ஒரே நீளத் துணி.

எழுதுகோல் பலப்பம். மாக்கல்லைச் சீவிக் குச்சியாக்கியது அது. நகத்தால் கீறினாலே தடம் விழும் அளவுக்கு மென்மையான இந்தக் கல் மைசூர் வட்டாரத்தில் தாராளமாகக் கிடைத்தது. பேலூர், ஹளேபீடு, சோமநாதபுரக் கோயில்களின் நுணுக்கமான சிற்பங்களும் இதே இனக் கல்லில் செதுக்கப்பட்டவைதாம். ஹொய்சளச் சிற்பியின் உளிக்கு இணங்கிய அதே மென்மை கணக்கர் கைக்கும் உதவியது.

ஓலையோடு வைத்துப் பார்த்தால் கடதத்தின் தனித்தன்மை விளங்கும். ஓலையில் எழுத்தாணியால் கீற வேண்டும், பிறகு மை தடவித் துடைக்க வேண்டும்; அழுத்தினால் ஓலை நரம்போடு கிழியும், கீறிய எழுத்தைத் திருத்துவதும் எளிதன்று. நூல்களைப் படியெடுக்க அந்தப் பொறுமை ஏற்றது. அன்றாடக் கொடுக்கல் வாங்கலுக்குக் கை விரைய வேண்டும். கரித்துணியில் பலப்பம் எந்தத் திசையிலும் தடையின்றி ஓடும். எழுத்து எழுதிய கணமே கண்ணுக்குத் தெரியும். துடைத்துவிட்டு அதே மடிப்பில் மறுபடியும் எழுதலாம். ஒரே துணி பல கணக்குகளுக்கு உழைக்கும் என்பது சிறு வணிகருக்குப் பெரிய அனுகூலம்.

அழிக்க முடிகிற எழுத்தை ஆவணமாக நம்பலாமா என்ற கேள்வியும் அதனோடே வந்தது. சந்தை நம்பியது. ஒரு வணிகரின் கடதத்தில் சாட்சிகளோடு எழுதப்பட்டிருந்த கடன் பத்திரம் வழக்கில் சான்றாகக் காட்டப்பட்டு ஏற்கப்பட்டதைத் தாமே கண்டதாக வில்க்ஸ் எழுதுகிறார். அரசு அவ்வாறு நம்பவில்லை. பொதுக் கணக்குகளைக் கடதத்தில் எழுதக் கூடாது என்று திப்பு சுல்தான் தடை விதித்தார். அவருடைய வருவாய் விதிகளை ஆங்கிலத்தில் பெயர்த்த கிரிஸ்ப், இந்தப் பொருள் இன்னதென்று அறியாமல் பனையோலை என்று எழுதிவிட்டதையும் வில்க்ஸ் சுட்டிக்காட்டுகிறார். தடைக்குக் காரணம் எளிதில் ஊகிக்கக்கூடியதே: வரி வசூலித்தவர் எண்ணை மாற்றினால் அதற்குத் தடயமே இருக்காது.

நீடிப்பைப் பொறுத்தவரை வில்க்ஸின் தீர்ப்பு வியப்பூட்டும். தொடர்ந்த ஈரம் ஆகாது, துடைத்தால் அழியும் என்பதை ஒப்புக்கொண்டே, செம்பும் கல்லும் நீங்கலாக இந்தியாவில் எழுதப் பயன்பட்ட மற்றெல்லாப் பொருள்களையும்விடக் கடதம் நெடுங்காலம் நிலைப்பது என்கிறார். அதில் மிகை இருக்கலாம். ஆனாலும் அடிப்படை உண்டு. கரியும் கல்லும் வெளிச்சத்தில் நிறம் மங்குவதில்லை, துணி காகிதத்தைப்போல் மடிப்பில் சட்டென்று முறிவதுமில்லை.

இந்த வழக்கத்தின் தொன்மையைத் துல்லியமாக அளக்க வழியில்லை. கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் அலெக்சாண்டரின் கடற்படைத் தலைவர் நியர்க்கஸ், இந்தியர்கள் நெருக்கமாக நெய்த துணியில் எழுதுவதாகக் குறித்தார். அது கடதமாகவே இருக்கக்கூடும் என்பது வில்க்ஸின் கருத்து. நியர்க்கஸ் கண்டது சிந்து நதிப் பக்கத்து வாழ்க்கை. கரிப்பூச்சைப் பற்றி அவர் பேசவில்லை. ஆகவே துணியில் எழுதும் பழக்கத்தின் பழமைக்கு மட்டுமே அதைச் சான்றாகக் கொள்வது தகும். கடதத்துக்கு நெருங்கிய உறவு கடலுக்கு அப்பால் இருக்கிறது. பர்மாவின் கறுப்புப் பரபைக் விசிறி மடிப்புப் புத்தகம், எழுதுவது மாக்கல் குச்சியால், அழித்து எழுதலாம். அங்கே துணிக்குப் பதில் மரப்பட்டையில் செய்த காகிதம்.

கடதங்கள் பெருந்தொகையாகப் பிழைத்திருந்த இடம் சிருங்கேரி மடம். 200, 300 ஆண்டுப் பழமை கொண்ட நூற்றுக்கணக்கான கடதங்கள் அங்கே கிடைத்தன. மடத்தின் வரவு செலவு, கல்வெட்டுகள் செப்பேடுகளின் படிகள், குருபரம்பரைச் செய்திகள் அவற்றில் இருந்தன. அழியக்கூடிய பலப்ப எழுத்தில் அழியாத கல்லெழுத்தைப் படியெடுத்து வைத்த மடத்துக் கணக்கர்களின் அக்கறை போற்றத்தக்கது. பிற்காலத்தில் ஏ. கே. சாஸ்திரி சிருங்கேரி மட ஆவணங்களைத் தொகுத்து வெளியிட்டபோது நிலமானியம், வரி, மடத்துக்கும் அரசர்களுக்கும் இருந்த தொடர்பு முதலியவை வரலாற்றாசிரியர் கைக்கு வந்தன.

1877-இல் வெளிவந்த மைசூர் கெசட்டியரில் லூயிஸ் ரைஸ் கடதத்தை விவரித்தார். அதையொட்டி ஜெர்மானிய அறிஞர் பியூலர் 1896-இல் வெளியிட்ட இந்திய எழுத்தியல் நூலிலும் அது இடம்பெற்றது. அப்போதும் கன்னட வணிகர்கள் அதில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார்கள். பின்னர் ஆலைக் காகிதம் மலிந்தது, அச்சிட்ட பேரேடுகள் கடைகளுக்கு வந்தன. பள்ளிப் பிள்ளைகளின் கையில் சிலேட்டு இருந்தது. கடதத்துக்குத் தனி வேலை எதுவும் மிச்சமில்லை.

அதே காலத்தில் மைசூர் நகரம் ஓலைச் சுவடிகளுக்குப் பெரும் புகலிடம் ஆகியிருந்தது. 1891-இல் தொடங்கப்பட்ட அரசுக் கீழ்த்திசை நூலகத்துக்குத் தஞ்சைப் பகுதிப் பண்டிதர் ஒருவர் கொடுத்த கிரந்த எழுத்துச் சுவடி அர்த்தசாஸ்திரம் என்பதை 1905-இல் சாமசாஸ்திரி கண்டறிந்தார். 1909-இல் அது அச்சேறியது. சாத்திரமும் காவியமும் ஓலையில் இருந்ததால் அறிஞர்கள் ஓலையைத் தேடிச் சேர்த்தார்கள். கடதத்தில் இருந்தது கடைக்கணக்கு. அதைத் தேடி ஊர் ஊராகப் போனவர்கள் இல்லை. மடத்துக் கடதங்கள் தப்பியதற்குக் காரணம் அவற்றைக் காக்க ஒரு நிறுவனம் இருந்ததுதான். வணிகக் குடும்பங்களில் கணக்கு முடிந்ததும் துணி துடைக்கப்பட்டு அடுத்த ஆண்டுக் கணக்குக்குப் போயிற்று.