அணுக்கருத் துண்டாதலில் மாறுநிலை

கன அயனி மோதலில் சூடேறிச் சிதறும் அணுக்கரு, திரவத்திலிருந்து வாயுவாகும் பொருளைப் போல நடந்துகொள்கிறதா என்ற தேடல். மாறுநிலைக்கு ஓர் எடுத்துக்காட்டு: திருவள்ளூர் மாவட்டம் அத்திப்பட்டில் 2024இல் தொடங்கிவைக்கப்பட்ட 800 மெகாவாட் அனல் மின் அலகின் கொதிகலனில் நீர் கொப்பளிப்பதே இல்லை. 374 டிகிரி செல்சியசையும் 221 பார் அழுத்தத்தையும் தாண்டினால் நீருக்கும் ஆவிக்கும் வேறுபாடு மறைந்துவிடும். அந்த எல்லைதான் மாறுநிலை.

அணுக்கருவில் அதைத் தேடியதற்குக் காரணம் உண்டு. அணுக்கருவில் உள்ள நியூக்ளியான்களும் (புரோட்டான்கள், நியூட்ரான்கள்) நீர் மூலக்கூறுகளைப் போலவே சற்று விலகினால் இழுத்துக்கொள்ளும், மிக நெருங்கினால் விலக்கித் தள்ளும். மைக்கேல் ஃபிஷரின் துளி மாதிரிப்படி (1967), மாறுநிலையில் சிறிதும் பெரிதுமாக எல்லா அளவுத் துளிகளும் கலந்திருக்கும். அளவு கூடக்கூட எண்ணிக்கை ஓர் அடுக்கு விதிப்படி குறையும்.

1982இல் பர்டூ பல்கலைக்கழகக் குழு, ஃபெர்மி ஆய்வகத்தில் செனான், கிரிப்டான் அணுக்கருக்கள்மீது புரோட்டான்களை மோதவிட்டு, சிதறிய துண்டுகளில் அந்த விதியைக் கண்டது. பரபரப்புக்கு அது போதும், நிரூபணத்துக்குப் போதாது. பிணைப்புகளைக் கண்மூடித்தனமாக அறுத்துப் பார்க்கும் பெர்கொலேஷன் கணக்கில் திரவமும் இல்லை, வெப்பமும் இல்லை. அதுவும் அடுக்கு விதியையே தந்தது!

ஆகவே ஓர் அடுக்கெண்ணோடு நிற்காமல் பலவற்றை ஒருசேர அளக்க வேண்டியதாயிற்று. பெர்க்லியின் பெவலாக் முடுக்கியில் தங்க அணுக்கருக்களைக் கார்பனில் மோதவிட்ட இ.ஓ.எஸ். குழு 1994இல் வெளியிட்ட பீட்டா அடுக்கெண் (மாறுநிலையை நெருங்கும்போது இரு நிலைகளின் வேறுபாடு எப்படி மறைகிறது என்பதைக் குறிப்பது) 0.29. திரவ–வாயு மாற்றத்துக்கு அது 0.33, பெர்கொலேஷனுக்கு 0.41. ஆனால் தங்கத்தில் இருப்பவை வெறும் 197 நியூக்ளியான்கள். இவ்வளவு சிறிய கூட்டத்தில் எந்த எல்லையும் கூர்மையாகத் தெரியாது; புரோட்டான்களின் மின்விலக்கம் வேறு குழப்பும். அந்த எண்களை முடிந்த முடிவாகக் கொள்ள முடியாது.

1995இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் அலாடின் குழு வேறொன்றைக் கண்டது. ஆற்றலைக் கூட்டியும் வெப்பநிலை 5 மெகா எலக்ட்ரான் வோல்ட், அதாவது சுமார் 5,800 கோடி கெல்வின் அருகே ஏறாமல் நின்றது, உலைநீர் 100 டிகிரியில் நிற்பதைப் போல. இது மாறுநிலை அல்ல, கொதிநிலை. அதன்பின் மாறுநிலையோடு கொதிப்பையும் தேடுவதாகக் கேள்வியே பாதி மாறிவிட்டது.

மின்னூட்டமற்ற, எல்லையற்ற அணுக்கருப் பொருளின் மாறுநிலை வெப்பநிலை 17.9 மெகா எலக்ட்ரான் வோல்ட் என 2013இல் பழைய சோதனைத் தரவுகளிலிருந்து ஆய்வாளர்கள் கணித்தார்கள். கொல்கத்தாவின் மாறு ஆற்றல் சைக்ளோட்ரான் மையத்தில் ஸ்வாகதா மல்லிக், கார்கி சவுத்ரி ஆகியோர் மெக்கில் பல்கலைக்கழகத்தின் சுபல் தாஸ் குப்தாவுடன் சேர்ந்து 2017இல் முன்வைத்த அடையாளம் எளிது: வெப்பநிலையோடு துண்டுகளின் எண்ணிக்கை எங்கே மிக வேகமாகக் கூடுகிறதோ, அங்கேதான் கொதிப்பு.