சுழிக்குக் கட்டை இல்லை

‘இருநூத்தி மூணு எழுது’ என்றால் சின்ன வகுப்புப் பிள்ளைகளில் பலர் 2003 என்று எழுதுவார்கள். இருநூறுக்கு 200, பக்கத்தில் ஒரு 3. கவனக்குறைவு என்று தலையில் குட்டுவது நம் பள்ளிக்கூட வழக்கம். நான் இதைக் கவனக்குறைவாகப் பார்க்கவில்லை. காதில் விழுந்ததை அப்படியே எழுதும் ஒரு தர்க்கம் இதில் இருக்கிறது. அந்தத் தர்க்கத்துக்கு வரலாறும் இருக்கிறது.

பழைய தமிழ் எண்களில் பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனிக்குறிகள் இருந்தன. இருநூற்று மூன்றை ௨௱௩ என்று எழுதினார்கள். வாய் சொன்னதைக் கை எழுதியது. சுழிக்கு அங்கே வேலை இல்லை.

திண்ணைப் பள்ளியில் இந்தக் குறிகளோடு பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்று எண்சுவடியை மனப்பாடம் செய்தார்கள். 8 படி ஒரு மரக்கால், 12 மரக்கால் ஒரு கலம். எல்லாமே பத்துப் பத்தாகக் கூடவில்லை. ஆனால் இந்த அறிவு யாரிடம் இருந்தது? கணக்குப்பிள்ளை ஆகப்போகிறவன் சுவடி படித்தான். அறுத்து அடித்துவிட்டுக் கூலிக்கு நின்ற சேரிக்கு அந்தத் திண்ணை பெரும்பாலும் எட்டாத இடம். கூலி நெல்லைச் சரியாகத்தான் அளந்தானா என்று கேட்கக் கணக்கும் வேண்டும், கேட்கிற உரிமையும் வேண்டும்.

இருபதாம் நூற்றாண்டில் எண் கைக்கு வந்தது. மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்தார். அவர் முறையில் ஒன்றுக்கு ஒரு மணி, பத்துக்கு ஒரு கோவை, நூறுக்கு ஒரு சதுரம், ஆயிரத்துக்கு ஒரு கனசதுரம். ஹங்கேரியில் பிறந்த சோல்டான் டீன்ஸ் (1916–2014) இதையே மரக்கட்டைகளில் செய்தார். மூன்று மூன்றாக, நான்கு நான்காகச் சேர்க்கும் கட்டைகளையும் செய்தார். சேர்த்துக் கட்டுவது என்ற செயலையே பிள்ளை பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் எண்ணம். இன்று பள்ளிகளில் பரவலாகக் கிடைப்பது பத்தின் பெட்டிதான். 8-உம் 12-உம் புழங்கிய மண்ணில் இது சின்ன இழப்பு அல்ல.

கட்டை இருந்தால் இடமதிப்பு தானாக வந்துவிடும் என்பதும் ஒரு மயக்கம். இரண்டு நூறு, மூன்று ஒன்று: எப்படிக் கலைத்துப் போட்டாலும் அது இருநூத்தி மூணுதான். மதிப்பு கட்டையின் உடம்பிலேயே இருக்கிறது, ௱ போல. எழுத்திலோ மதிப்பு நிற்கும் இடத்தில் இருக்கிறது. காலி இடத்தைக் காட்டச் சுழி வேண்டும். சுழிக்குக் கட்டை இல்லை.

மாண்டிசோரி முறையில் இதற்கு அட்டைகள் உண்டு. 200 அட்டையின் மேல் 3 அட்டையை வலது ஓரம் பொருந்த வைத்தால் கடைசிச் சுழி மறைகிறது, நடுச்சுழி நிற்கிறது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 2003.

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் 2007-இல் மாநிலமெங்கும் விரிந்தது. பொருள் வந்தது. ஆனால் பெட்டியைப் பீரோவில் பூட்டி, ‘தொலைஞ்சா யார் பதில் சொல்றது?’ என்று கேட்கும் பள்ளிகளையும் பார்த்திருக்கிறேன். திண்ணை போனது, பூட்டு இருக்கிறது.

ஊரில் ஒருவனுக்கு இடம் பிறப்போடு வருகிறது. எண்ணில் எந்த இலக்கமும் எந்த இடத்திலும் நிற்கலாம். அதைப் பிள்ளை கையால் செய்து பார்க்கட்டும். 2003 எழுதிய பிள்ளையைக் குட்டாதீர்கள். இரண்டு அட்டைகளைக் கொடுங்கள்.